ஆனந்த் ஊரின் பாலும் விலையும்

குஜராத்தின் கேடா ஜில்லாவில், புகையிலையும் நெல்லும் விளையும் வயல்களின் நடுவே, ஆனந்த் அன்று ஒரு சிற்றூர். குடியானவர் வீடுகளில் எருமை இருந்தது, பாலும் இருந்தது. விலை சொல்லும் உரிமை மட்டும் இல்லை. பம்பாய்க்குப் பால் அனுப்பும் ஏகபோகம் ஒரு தனியார் கம்பெனியிடம் இருந்தது. சில மணி நேரத்தில் கெடும் பொருளை வைத்துக்கொண்டு எவர் பேரம் பேச முடியும்?

1946 ஜனவரியில் சமர்க்கா கிராமத்தில் உழவர்கள் கூடினர். சர்தார் வல்லபாய் படேலின் யோசனைப்படி, அக்கம்பெனிக்குப் பால் தருவதில்லை என உறுதிபூண்டு, பதினைந்து நாட்கள் விற்பனையை நிறுத்தினர். அவ்வாண்டு டிசம்பர் 14ஆம் தேதி அவர்களது ஜில்லா சங்கம் பதிவாயிற்று. திரிபுவன்தாஸ் படேல் அதன் தலைவரானார். தொடக்கத்தில் இரண்டே கிராமச் சங்கங்கள். நாளொன்றுக்குச் சுமார் 250 லிட்டர் பால்.

நிலமுடையவரும் நிலமற்றவரும் காலையும் மாலையும் ஒரே வரிசையில் நின்று பால் ஊற்றினர். கொழுப்புச் சத்தைச் சோதித்து விலை தரப்பட்டது. ஆயினும் குளிர்காலத்தில் பால் மிகுந்தபோது, பம்பாய் முழுவதையும் ஏற்கவில்லை. அதற்கெனவே 1955இல் சங்கம் சொந்தத் தொழிற்சாலை அமைத்து, மிஞ்சிய எருமைப்பாலைப் பொடியாகவும் வெண்ணெயாகவும் ஆக்கியது.

பொருளைக் காத்துவைக்கும் வலிமை எவரிடமோ, விலை சொல்லும் உரிமையும் அவரிடமே. தறியிலிருந்து அறுத்த சேலையை அன்றே விற்றாக வேண்டிய நிலையை அறிந்த நம் அங்கத்தினருக்கு இதை விளக்க வேண்டுவதில்லை.