வேப்பங்கொட்டையைப் பருவத்தில் சேர்த்து வைத்தல்
(பயிர்களின் பூசண நோய்களுக்கு ஒரு முன்காப்பு)

ஆனி, ஆடி மாதங்களில் சென்னையில் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு முதலிய இடங்களில் காலையில் நடந்து செல்வோர் வேப்பம்பழத்தை மிதித்தே செல்ல வேண்டியிருக்கும். அப்பழங்கள் குப்பையோடு குப்பையாக வாரப்படுகின்றன. பட்டணவாசிகளுக்கு நிலமில்லையாதலால் அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் நம் கிராமங்களிலும் களத்து மேட்டிலும் ஏரிக்கரையிலும் உதிரும் பழம் அவ்வாறே மண்ணில் மக்கிப் போக, கார்த்திகையில் நெல்லில் நோய் கண்டவுடன் குடியானவர்கள் கடன் வாங்கிக்கொண்டு மருந்துக் கடைக்கு விரைவது விசனிக்கத்தக்கது.

வேம்பு பூச்சிகளை விலக்கும் என்பது யாவரும் அறிந்ததே. அது பூசணத்தையும் தடுக்கும் என்பதை நம்மவரிற் பலர் பொருட்படுத்துவதில்லை. அந்நிய தேசத்தார் பொருட்படுத்தினர். பயிர்களின் பூசண நோய்களை வேப்பெண்ணெய்யினால் தடுக்கும் முறைக்கு அமெரிக்க விவசாய இலாகாவும் கிரேஸ் என்னும் கம்பெனியும் சேர்ந்து ஐரோப்பியப் பேடண்ட் அலுவலகத்தில் 1994-ஆம் வருஷம் தனியுரிமை பெற்றன. இது இந்தியாவில் முன்னரே அறிந்து கையாண்டது என்று நம் நாட்டாரும் பிற தேசத்தாரும் ஆட்சேபித்துச் சாட்சியம் வைத்தனர். 2000-இல் அவ்வுரிமை ரத்தாயிற்று. அதன்மேற் செய்த அப்பீலும் 2005 மார்ச்சு 8-ந் தேதி தள்ளுபடியாயிற்று. இவ்வளவு வழக்காடி மீட்ட பொருளை நாம் கூட்டித் தள்ளிக்கொண்டிருக்கிறோம்.

அடையாற்றை அடுத்த கோட்டூர்புரத்தில் 1995-இல் ஏற்பட்ட இந்திய பாரம்பரிய அறிவியல் மையத்தார், விருக்ஷாயுர்வேதம் என்னும் பண்டைய தாவர சாஸ்திரத்தின் முறைகளை ஆராய்ந்து வருகின்றனர். அதே ஆற்றங்கரைச் சைதாப்பேட்டையில் 1868-இல் தோன்றிய விவசாயப் பள்ளியே பின்னர் கோயம்புத்தூருக்கு மாறி, 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாயிற்று. கீழ்க்காணும் அளவுகள் அப்பல்கலைக்கழகத்தின் சிபார்சுகளை ஒட்டியவை.

நெல்லில் இலையுறை அழுகல் நோய்க்கு, நூற்றுக்கு ஐந்து பங்கு வேப்பங்கொட்டைக் கரைசலையாவது நூற்றுக்கு மூன்று பங்கு வேப்பெண்ணெய்யையாவது தொண்டைக்கதிர்ப் பருவத்தில் ஒரு முறையும், பதினைந்து நாள் கழித்து மறுமுறையும் தெளிக்க வேண்டும். இலையுறைக் கருகலுக்கு மூன்று பங்கு எண்ணெய்யை நோய் தோன்றிய உடனே தெளிக்கலாம். உளுந்தில் சாம்பல் நோய்க்கு, முதல் வெண்புள்ளி கண்டவுடன் பத்து நாள் இடைவிட்டு இருமுறை தெளிப்பது போதும். தை, மாசியில் பகல் வறண்டும் இரவு பனி மிகுந்தும் இருக்கையில் இந்நோய் வெகு விரைவாகப் பரவுமாதலால், அக்காலத்தில் தினந்தோறும் வயலைச் சுற்றி வருதல் நலம்.

கரைசல் செய்யும் விதம் வருமாறு: ஏக்கர் ஒன்றுக்கு நன்கு காய்ந்த பருப்பு 10 கிலோவை இடித்து, 20 லிட்டர் தண்ணீரில் இராமுழுதும் ஊற வைக்கவும். காலையில் பால்போல் வெளுக்கும் வரையில் கலக்கி, இரட்டைத் துணியில் வடித்து, தண்ணீர் சேர்த்து 200 லிட்டராக்கவும். சுமார் 400 கிராம் சோப்பைக் கரைத்துச் சேர்த்தால் மருந்து இலையில் ஒட்டும். எண்ணெய்யாயின் ஏக்கருக்கு 6 லிட்டர் வேண்டும். முதலில் சோப்புக் கரைசலை எண்ணெய்யோடு நன்றாய்க் கலந்து, பிறகே தண்ணீரைச் சிறிது சிறிதாக விட வேண்டும். எண்ணெய் மேலே மிதக்குமாயின் தெளிக்கலாகாது, இலை கருகும். வீட்டுத் தோட்டத்திலும் மாடித் தோட்டத்திலும் வெண்டை, பூசணிக்கு அடிப்போர் முதல் நாள் நாலு இலையில் மாத்திரம் அடித்துப் பார்த்துக்கொள்வது நல்லது. எதையும் அன்றன்று செய்து, வெயில் தாழ்ந்தபின் தெளிக்கவும். வெயிலில் இதன் வீரியம் குறைந்துவிடும்.

பலரும் தவறும் இடம் ஒன்றுண்டு. வேம்பின் கீர்த்திக்குக் காரணமான அஸாடிராக்டின் என்னும் சத்து முக்கியமாகப் பூச்சிகளுக்கே பகை. பூசணத்தைத் தடுப்பதில் எண்ணெய்க்குத்தான் பங்கு அதிகம். அது இலைமேற் படிந்து, பூசண வித்து முளைத்து உட்புகாதபடி செய்கிறது. உட்புகுந்துவிட்ட நோயை அதனால் வெளியேற்ற முடியாது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவைக்கும் இதுவே விதி. ஆகையால் வயல் பாதி கருகிய பிறகு வேப்பங்கொட்டையை ஊறவைத்து, பலனில்லை என்று வேம்பை நிந்திப்பதில் பொருளில்லை. குலைநோய் கதிரின் கழுத்தைப் பற்றிய வயலுக்கும் இதைச் சொல்வதற்கில்லை. அத்தகைய சமயங்களில் விவசாய அதிகாரியைக் கலந்து, ரசாயன மருந்தையே நாட வேண்டியிருக்கும். அடைமழையில் தெளித்தது கழுவப்பட்டுவிடும்; மழை விட்டபின் மறுபடி தெளிக்க வேண்டும்.

கொட்டை மூன்று மாதத்துக்குக் குறையாமலும், எட்டு மாதத்துக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். ஆனி, ஆடியில் பொறுக்கியது கார்த்திகை, மார்கழியில் சம்பா தொண்டைக்கதிருக்கு வரும்பொழுது சரியான பக்குவத்தில் இருக்கும். தை, மாசி உளுந்துக்கும் உதவும். மரம் தானே நம் சாகுபடிக் கணக்கைப் பார்த்துப் பழுப்பதுபோல் தோன்றுகிறது. ஆனால் பழத்தைச் சதையோடு குவித்து வைத்தால் கொட்டை புழுங்கிப் பூசணம் பிடிக்கும். பூசணம் பிடித்த கொட்டையைக் கொண்டு பூசணத்தை ஓட்டப் பார்ப்பவர்களையும் கண்டிருக்கிறோம்! அன்றன்று பொறுக்கிச் சதையைக் கழுவி நீக்கி, நிழலில் பரப்பி உலர்த்தி, காற்றோட்டமான சாக்கிலோ கூடையிலோ வைக்க வேண்டும். காற்றுப் புகாத பை ஆகாது. உடைத்தால் பருப்பு பசுமை கலந்த நிறமாயிருப்பது நன்று, கறுத்ததைத் தள்ளிவிடுக.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியது ஒன்று. புறம்போக்கிலும் சாலையோரங்களிலும் உள்ள வேப்பமரங்களின் பழத்தை யார் பொறுக்குவது என்பதை வைகாசிக்குள் ஊர்க்கூட்டத்தில் தீர்மானித்துவிட்டால், நிலமற்றவர்களுக்குச் சிறிது கூலியும் நிலமுள்ளவர்களுக்கு மருந்தும் கிட்டும். ஏக்கருக்கு ஒருமுறை தெளிக்க 10 கிலோ பருப்பு வீதம், இருமுறைக்கு எவ்வளவு வேண்டுமென்று ஊரின் சம்பா, உளுந்து விஸ்தீரணத்தைக் கொண்டு முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொள்க.