விடுவித்தலும் உயிர் காக்கும்

இதயம் திடீரென நின்றுவிட்டால் குருதியோட்டம் தடைப்படுகிறது. உயிர்வளி கிடைக்காத மூளை சில நிமிடங்களிலேயே சிதையத் தொடங்குகிறது. அவ்வேளையில் மார்பை அழுத்திக் குருதியைச் செலுத்தும் முறையை, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மின்பொறியாளர் கௌவன்ஹோவனும் அவர்தம் குழுவினரும் 1960ஆம் ஆண்டு உலகிற்கு அறிவித்தனர்.

வளர்ந்தோர்க்கு நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 செ.மீ. ஆழத்திற்கு மார்பை அழுத்த வேண்டும், 6 செ.மீ. ஆழத்தைக் கடத்தல் கூடாது. அழுத்தும்போது குருதி இதயத்திலிருந்து வெளியேறி உறுப்புகளுக்குச் செல்கிறது. விடுவிக்கும்போது மார்பு விரிகிறது. சிரைகளின் வழியே திரும்பும் குருதி இதயத்தை நிரப்புகிறது. இதயத் தசையை ஊட்டும் தமனிகளில் பெரும்பாலும் இந்நேரத்தில்தான் குருதி பாய்கிறது. ஆகவே, அழுத்துதலைப் போன்றே முழுமையாக விடுவித்தலும் இன்றியமையாதது.

மனிதக் கைகள் இரண்டொரு நிமிடங்களில் சோர்வடையும். ஓடும் ஊர்தியில் தடுமாறும். இக்குறைகளைக் களையச் சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில் 'லூக்காஸ்' என்னும் கருவி உருவாக்கப்பட்டது. அதன் உந்துதண்டு சீராக அழுத்துகிறது. முனையிலுள்ள உறிஞ்சு கிண்ணம், மார்பு பழைய நிலைக்கு மீளத் துணைபுரிகிறது.

ஆயினும், கருவியால் உயிர்பிழைப்போர் எண்ணிக்கை கூடியதாகப் பெரிய ஆய்வுகள் காட்டவில்லை. கருவியைப் பொருத்துவதற்காக அழுத்துதலை நிறுத்தினால், அதுவரை உயர்ந்திருந்த குருதியழுத்தம் விரைந்து வீழ்கிறது. எனவே, பயிற்சி பெற்றோர் சில நொடிகளில் அதனைப் பொருத்துகின்றனர். கருவி வந்துசேரும்வரை, அருகில் இருப்போரின் இரு கைகளே மூளைக்குக் குருதியை அனுப்பும்.