காலுக்கு ஓய்வு, கண்ணுக்கு இல்லை

அண்மையில் எம் மருமகனின் காரில் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் திரும்பினோம். ஏ-9 வீதியில் வவுனியாவைக் கடந்ததும் அவர் ஒரு பொத்தானை அழுத்திவிட்டுக் காலை எடுத்துக்கொண்டார். வேகம் 70 கிலோமீற்றர் எனக் குறிக்கப்பட்டிருந்தது. முன்னே சென்ற லொறி மெதுவாகியபோது எமது காரும் மெதுவாகியது. லொறி விரைய, காரும் விரைந்தது.

“மாமா, இனி எனக்கு வேலையே இல்லை” என்றார் மருமகன்.

பரந்தனை அணுகுகையில் அந்த லொறி திடீரென வலப்புறம் விலகிற்று. நடுவீதியில் ஒரு கட்டாக்காலி மாடு! முன்னே வண்டியில்லை என்று கொண்ட யந்திரமோ, குறித்த வேகத்தைப் பிடிக்க மேலும் விரையலாயிற்று. மருமகனின் கால் பிரேக்கைத் தேடிய அந்தக் கணத்தை நாம் மறக்கமாட்டோம். மாட்டுக்கு இரண்டு முழம் இருக்கையில் கார் நின்றது.

யந்திரம் பழுதாகவில்லை, அதன் இயல்பே அதுதான். ‘அடப்டிவ் குறூஸ் கொன்றோல்’ எனப்படும் இக்கருவி, பெரும்பாலும் ராடார் அலையைக் கொண்டு முன்செல்லும் வண்டியின் தூரத்தையும் வேகத்தையும் அளக்கிறது. வீதியோரப் பலகை, மரம், மதகு முதலிய அசையாப் பொருள்களுக்கெல்லாம் அஞ்சிக் கார் நின்றுவிடாதிருக்க, அத்தகைய எதிரொலிகளைப் பல கருவிகள் பொருட்படுத்துவதில்லை. அசையாது நின்ற மாடும் அக்கணக்கிலே சேர்ந்துவிட்டது.

இதன் மூலவரலாறு சுவையானது. ஐந்து வயதிற் பார்வையிழந்த அமெரிக்கப் பொறியியலாளர் ரால்ஃப் டீட்டர், தம் வழக்கறிஞரோடு காரிற் செல்கையில், அவர் பேசும்போது வேகம் குறைவதையும் கேட்கும்போது கூடுவதையும் உணர்ந்தாராம். அதன் பயனாகத் தோன்றிய வேகங்காக்கும் கருவி 1958 இல் கிறைஸ்லர் கார்களில் வந்தது. இடைவெளியையும் காக்கும் ஆற்றல் 1990களிலேதான் சேர்ந்தது.

நன்மை இல்லாமலில்லை. ஜப்பானிய ஆய்வாளர் 2008 இல் வெளியிட்ட சோதனையொன்றில், 230 மீற்றர் வட்டப்பாதையில் 22 கார்கள் ஓடின. தடை எதுவுமின்றியே நெரிசல் பிறந்தது! ஒருவர் சிறிது தயங்க, பின்வருவோர் மேலும் மேலும் தயங்கியதே காரணம். சீராக இடைவெளி பேணும் கருவி இவ்வலையைத் தணிக்கக்கூடும்.

ஆயினும் வசதி மனத்தையும் மாற்றுகிறது. அமெரிக்காவில் 2021 இல் வெளியான ஆய்வொன்று, இக்கருவியை அல்லது தடங்காக்கும் துணைக்கருவியை இயக்கிய சாரதிகள் வேக எல்லையை மீறும் வாய்ப்பு 24 வீதம் அதிகம் என்று கண்டது. காலை ஒப்படைத்தவர் கருத்தையும் ஒப்படைத்துவிடுகிறார் போலும்!

மாடும் சைக்கிளும் நுழையாத தெற்கு அதிவேகப் பாதைக்கு இக்கருவி ஏற்றது. நம் குடாநாட்டு வீதிகளோ வேறு. விளக்கில்லாச் சைக்கிளும் உழவு யந்திரமும் எம்மூலையிலிருந்தும் புறப்படலாம். மணிக்கு 70 கிலோமீற்றரில் இரண்டு விநாடிக்குள் கார் ஏறத்தாழ 39 மீற்றர் பாய்ந்துவிடும். அந்த இரண்டு விநாடியில் ஓர் உயிர் இருக்கிறது.

வாகனம் பழகப்போகும் இளைஞர்களுக்கு நாம் கூறுவது இதுவே: யந்திரம் காலுக்குத் துணையாகட்டும், கண்ணுக்குத் துணை கண்ணே.