கியர் மாற்றாமல் பந்தயம் ஓடியவர்கள்

“ஸ்கூட்டி ஓடுறதெல்லாம் ஒரு ஓட்டமா? கையிலை கிளச் இல்லை, காலிலை கியர் இல்லை.” யாழ்ப்பாணத்தில் ஸ்கூட்டர் ஓட்டும் பெண்கள் பலரும் ஒருமுறையாவது கேட்டிருக்கக்கூடிய வசனம் இது. நானும் பல தடவை கேட்டிருக்கிறேன். கியர் மாற்றத் தெரிந்தவர்தான் ஓட்டுநர், மற்றவர் வெறும் பயணி என்பது இதன் உட்பொருள். ஆனால், ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரே கியர் மாற்றத் தேவையில்லாத மோட்டார் சைக்கிள்களைக் காட்டுக்குள்ளும் சேற்றுக்குள்ளும் பந்தயத்துக்குக் கொண்டுபோனவர்கள் இருக்கிறார்கள். அந்த வண்டிகளைப் பற்றி அறிய அறிய, இந்தக் கேலி எனக்கு வேடிக்கையாகத் தெரியத் தொடங்கியது.

எண்டியூரோ எனப்படும் காட்டுப்பாதைப் பந்தயத்தில் வேகம் மட்டும் போதாது. மரவேர், பாறை, ஓடை, சேறு என மணிக்கணக்கில் ஓட வேண்டும். 70களில் இந்தப் பந்தயங்களில் ஓடியவை பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்கள். அவற்றின் சக்தி குறுகியதொரு சுழற்சி வேகத்துக்குள்தான் நன்றாகக் கிடைக்கும். அதற்குள் எஞ்சினை வைத்திருக்க ஓட்டுநர் ஓயாமல் கிளச்சை அழுத்தி, கியரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். செங்குத்தான ஏற்றத்தின் நடுவில் ஒருமுறை பிழைத்தால் எஞ்சின் நின்றுவிடும். வண்டியைத் திருப்பி, கீழே இறங்கி, மறுபடி உதைத்து ஸ்டார்ட் செய்வதற்குள் நேரமும் போய்விடும், உடம்பில் தெம்பும் போய்விடும்.

இதற்கு அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் இயங்கிய ரொக்கோன் நிறுவனம் கண்ட தீர்வு சற்று விசித்திரமானது. பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டியின் தொழில்நுட்பத்தை அது மோட்டார் சைக்கிளுக்குள் வைத்தது. ‘ஆர்.டி. 340’ எனப் பெயரிடப்பட்ட அந்த வண்டியில் இருந்தது 335 சிசி ஜெர்மன் சாக்ஸ் எஞ்சின். உதைத்து ஸ்டார்ட் செய்யும் கால்மிதி கிடையாது. தோட்டத்துக்கு நீர் இறைக்கும் மெசினை இழுப்பதுபோல கயிற்றை இழுத்துத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். பந்தயத் தொடக்கக் கோட்டில் மற்றவர்கள் உதைத்துக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் குனிந்து கயிறு இழுக்கும் காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள்.

கியர்ப் பெட்டிக்குப் பதிலாக அதில் இருந்தவை இரண்டு கப்பிகளும் ஒரு பெல்ட்டும். எஞ்சின் வேகமாகச் சுழலும்போது கப்பிக்குள் இருக்கும் எடைகள் வெளிநோக்கி நகர்ந்து, கப்பியின் இரு பாதிகளையும் நெருக்கும். பெல்ட் மேலேறும், வேக விகிதம் தானாக மாறும். நமது வீதிகளில் ஓடும் ஸ்கூட்டர்களில் இருப்பதும் அடிப்படையில் இதே ஏற்பாடுதான். பார்ப்பவருக்கு இதன் சத்தம் குழப்பமாக இருக்கும். எஞ்சின் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருக்க, வண்டி மட்டும் வேகமெடுத்துக்கொண்டே போகும்.

சுவீடனின் ஹஸ்க்வர்னா நிறுவனம் வேறு வழியில் சென்றது. 70களின் நடுப்பகுதியில் வந்த அதன் 360 ஓட்டோமற்றிக்கில் பெல்ட் கிடையாது, வழமையான பற்சக்கரங்களே இருந்தன. இதை விளங்கிக்கொள்ள ஹொண்டா சாளியை நினைத்துப் பாருங்கள். சாளியில் கிளச் பிடி இல்லை. எஞ்சின் சுழற்சி கூடும்போது மையவிலக்கு விசையால் கிளச் தானாகப் பற்றிக்கொள்ளும், கியரை மட்டும் காலால் மாற்றுவோம். ஹஸ்க்வர்னா அந்தக் கியர் மாற்றத்தையும் மையவிலக்குக் கிளச்சுகளிடமே விட்டுவிட்டது. வேகம் கூடும்போது அடுத்த கியருக்குரிய கிளச் பற்றிக்கொள்ளும். கீழ் கியரில் இருக்கும், ஒரு பக்கமாக மட்டும் பற்றும் பொறிமுறை தானாக விலகிவிடும். இந்த வரிசை பின்னர் 390, 420, 430, 500 என வளர்ந்தது.

சுவீடன் இராணுவத்துக்கும் இந்த வண்டி பிடித்திருந்தது. அங்கு குளிர்காலத்தில் மோட்டார் சைக்கிளின் இருபுறமும் பனிச்சறுக்குப் பலகைகளைப் பொருத்தி, அவற்றின் மேல் கால்களை வைத்து ஓட்டுவார்கள். பலகையில் இருக்கும் காலால் கியர் மாற்றுவது எப்படி? 250 சிசி இராணுவ வண்டியிலும் ஓட்டோமற்றிக் வந்தது. கட்டாய சேவைக்கு வரும் இளைஞர்களுக்குக் குறைந்த நேரத்தில் பழக்கிவிடலாம் என்பதும் இதிலுள்ள வசதி.

கடந்த கோடையில் சுவீடனில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போயிருந்தபோது, அயலவர் ஒருவர் இராணுவம் கழித்த அந்த வண்டி ஒன்றை வைத்திருந்தார். காட்டோரப் பாதையில் ஓடிப்பார்க்கத் தந்தார். அவர் நீளமாகச் சொன்னதை மாமா இரண்டு வசனத்தில் முடித்தார்: “பிள்ளை, அக்சிலேற்றரை விட்டாலும் அது தன்பாட்டிலை ஓடுமாம். பிரேக்கைத்தான் நம்போணுமாம்.”

அது உண்மை. சாதாரண மோட்டார் சைக்கிளில் அக்சிலேற்றரை விட்டால் எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிக்கும். இதில் அந்தப் பிடி இல்லை. முதல் இறக்கத்தில் கையைத் தளர்த்தினேன். எஞ்சின் சத்தம் அடங்கியது, வண்டி நியூட்ரலில் விழுந்ததுபோல உருண்டுகொண்டே போனது. பத்து நிமிடத்தில் இடது கையும் இடது காலும் எதையோ தேடுவதை நிறுத்திவிட்டன. வலது காலோ பிரேக்கிலிருந்து எடுபடவே இல்லை.

இங்கேதான் அந்தக் கேலி பிழைக்கிறது என்று நினைக்கிறேன். கியரும் கிளச்சும் போனதால் திறமை தேவையற்றுப் போகவில்லை, அது இடம் மாறியது. எஞ்சின் உதவாத இறக்கத்தில் பிரேக்கை எப்போது, எவ்வளவு அழுத்துவது, வளைவுக்குள் பின்பிரேக்கை மெல்ல அழுத்தியபடியே அக்சிலேற்றரைத் திறந்து வைப்பது எப்படி என்பதெல்லாம் ஓட்டுநர் புதிதாகப் பழக வேண்டியவை. மண்பாதை வண்டிகளில் டிரம் பிரேக்கே வழக்கமாக இருந்த காலத்தில் ரொக்கோன் இரு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக் பொருத்தியது ஆடம்பரத்துக்காக அல்ல.

நமது ஸ்கூட்டர்காரர்களுக்கும் இதில் ஒரு விடயம் இருக்கிறது. நுவரெலியாவிலிருந்து றம்பொடைப் பக்கமாக இறங்கும் ஸ்கூட்டரில் எஞ்சினின் பிடி கொஞ்சமாவது உண்டு. ஆனால் வேகம் நன்றாகக் குறைந்ததும் கிளச் விலகி, அந்தக் கொஞ்சமும் போய்விடும். முழுப் பாரமும் பிரேக்கின் மேல். தொடர்ந்து அழுத்திப் பிடித்தால் பிரேக் சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். அக்சிலேற்றரை மிக இலேசாகத் திருகி விட்டால் கிளச் மீண்டும் பற்றும், எஞ்சினும் உதவிக்கு வரும். நீண்ட இறக்கத்தில் இடையில் நின்று பிரேக்கை ஆறவிடுவதும் அவசியம். ஸ்கூட்டர் வாங்கும்போது இதை யாராவது உங்களுக்குச் சொன்னார்களா?

இவ்வளவு வசதி இருந்தும் இந்த வண்டிகள் ஏன் நிலைக்கவில்லை? பாரம் ஒரு காரணம். உள்ளே கழற்றிப் பூட்டுவதும் எல்லோராலும் முடிகிற வேலையல்ல. எஞ்சின் நின்றுவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்யவும் வழியில்லை. மறுபுறத்தில், கியர் வண்டிகள் ஆண்டுக்காண்டு இலேசாகிக்கொண்டு வந்தன. 70களின் பிற்பகுதியில் ரொக்கோன் நிதி நெருக்கடியில் விழுந்து பந்தய வண்டியைக் கைவிட்டது. அதன் இரு சக்கரமும் இயங்கும் ‘டிரெயில் பிரேக்கர்’ மட்டும் இன்றும் தயாராகிறது. ஹஸ்க்வர்னாவின் மோட்டார் சைக்கிள் பிரிவு 1987இல் இத்தாலியின் கஜீவா குழுமத்திடம் போனது. 80களின் இறுதியோடு ஓட்டோமற்றிக் வரிசையும் முடிந்தது. ஆனால் “இது உண்மையான பைக் இல்லை” என்ற பேச்சுக்கும் இதில் பங்கிருக்கும் என்பது என் எண்ணம். சோம்பேறியின் வண்டி என்று பெயர் விழுந்தால், வெற்றிக்கிண்ணத்தால்கூட அதை அழிப்பது கடினம்.

இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடக்கும் பழைய மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் இந்த வண்டிகளை மீண்டும் காணலாம். உதிரிப்பாகம் கிடைப்பது அரிது. உடைந்த இரண்டு வண்டிகளிலிருந்து ஒன்றை உருவாக்குகிறார்கள், கிளச்சின் சிறு ஸ்பிரிங்குகளைக்கூடச் சேமித்து வைக்கிறார்கள். இதற்கிடையில் புதிய வண்டிகளிலும் அந்த யோசனை திரும்பி வந்திருக்கிறது. அமெரிக்க ரெக்லூஸ் நிறுவனத்தின் தானியங்கிக் கிளச்சை எண்டியூரோக்காரர் பலர் பூட்டுகிறார்கள். ஹொண்டா தனது ‘ஆபிரிக்கா ட்வின்’ வண்டியை 2016 முதல் கிளச் பிடி இல்லாமலும் விற்கிறது. அதை ஓட்டுபவர்களிடமும் யாரோ கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள், இதெல்லாம் ஒரு ஓட்டமா என்று.