எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி?

2024 செப்டெம்பரில் நடைபெற்ற ஜனாதிபதித் தேர்தலுக்கு மூன்று வாரங்கள் இருக்கையில், மலையகத் தோட்டமொன்றின் மாதர் சங்கத்தினருக்காக வாக்காளர் கல்வி வகுப்பொன்றை நடத்தினோம். பிள்ளைக் காம்பராவில் பாய் விரித்து, கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த முப்பது பெண்கள் அமர்ந்திருந்தார்கள். வாக்குச்சீட்டின் மாதிரியைச் சுவரில் ஒட்டி, செல்லுபடியாகும் வாக்கு எது, நிராகரிக்கப்படும் வாக்கு எது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் இருந்த, எழுபது வயதைத் தாண்டிய ஒரு தாய் எழுந்து நின்றார்.

"சாமி, புள்ளடி எப்படிப் போடுறதுன்னு எங்களுக்குத் தெரியும். யாருக்குப் போடுறதுன்னுதான் தெரியல. எங்க அப்பாருக்கு ஓட்டே இல்ல. ஓட்டு இல்லாத காலத்துல ஓட்டுக்காக அழுதோம். ஓட்டுக் கெடச்ச பெறகு, இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு அழுவுறோம். எரியிற கொள்ளியில எந்தக் கொள்ளி சாமி நல்ல கொள்ளி?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று அந்தத் தாய்க்கு நான் சரியான பதில் எதனையும் சொல்லவில்லை. இக்கட்டுரை அந்தப் பதிலைத் தேடும் முயற்சியாகும்.

இரு கட்சிகளின் கதை

1946 இல் ஐக்கிய தேசியக் கட்சியும் 1951 இல் ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியும் தோன்றின. 1956 முதல் 1977 வரை நடைபெற்ற ஆறு பொதுத்தேர்தல்களிலும் மக்கள் ஆட்சியை மாற்றினார்கள். ஒரு முறை பச்சை, மறுமுறை நீலம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது சிறந்த ஜனநாயகமாகத் தோன்றியது. ஆனால் உள்ளே இருந்தவர்களின் அனுபவம் வேறு.

மலையக மக்களின் அனுபவத்தை எடுத்துக்கொள்வோம். 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்து எமது மக்களை நாடற்றவர்களாக்கியது ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம். அடுத்த ஆண்டே தேர்தல் சட்டம் திருத்தப்பட்டு, வாக்காளர் இடாப்பிலிருந்தும் அவர்கள் நீக்கப்பட்டார்கள். 1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப இணங்கியது சுதந்திரக் கட்சி அரசாங்கம். எழுபதுகளின் முற்பகுதியில் தோட்டங்களில் பட்டினி தலைவிரித்தாடியது ஒரு கட்சியின் ஆட்சியில். 1977 இலும் 1983 இலும் லயங்கள் தீக்கிரையானது மற்றக் கட்சியின் ஆட்சியில்.

வடக்கு கிழக்கின் அனுபவமும் இதற்குக் குறைந்ததல்ல. 1957 இல் பண்டாரநாயக்கா – செல்வநாயகம் ஒப்பந்தம் செய்யப்பட்டபோது, அதற்கு எதிராகக் கண்டிக்குப் பாதயாத்திரை புறப்பட்டது ஐக்கிய தேசியக் கட்சி. 1965 இல் டட்லி – செல்வநாயகம் ஒப்பந்தம் செய்யப்பட்டபோது, அதனை எதிர்த்து நின்றது சுதந்திரக் கட்சி. ஒருவர் கட்ட முனைந்ததை மற்றவர் இடிப்பதும், பின்னர் இடித்தவரே கட்ட முனைவதும், முன்னர் கட்டியவரே அதனை இடிப்பதுமாகக் காலம் கழிந்தது.

நியாயத்தையும் சொல்லவேண்டும். நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டங்கள் 1988 இலும் 2003 இலும் நிறைவேறின. இரண்டாவது சட்டத்துக்கு இரு பெருங்கட்சிகளும் ஆதரவளித்தன. ஆகவே இரு கட்சிகளும் எப்போதும் தீமையையே செய்தன என்று கூறுவது உண்மையாகாது. எமது கூட்டு வாக்குக்கு விலை இருக்கிறது என்று உணர்ந்த வேளைகளில் அவை அசைந்து கொடுத்தன என்பதே உண்மைக்குக் கிட்டியது.

சிங்களக் கிராமத்திலும் இதே பெருமூச்சு

இது சிறுபான்மையினரின் துயரம் மட்டுமே என்று நாம் எண்ணிவிடலாகாது. சிங்களக் கிராமங்களில் பணியாற்றியவர்கள் பச்சைக் குடும்பம், நீலக் குடும்பம் என்ற பிரிவினையை அறிவார்கள். கட்சி அங்கே பரம்பரைச் சொத்தைப்போலப் பிள்ளைகளுக்கு வந்து சேர்ந்தது. தேர்தல் முடிந்த மறுநாள் தோற்ற கட்சிக்காரரின் வீட்டுக்குக் கல் விழும். அவருடைய மகனுக்கு இடமாற்றம் வரும். பாராளுமன்ற உறுப்பினரின் கடிதமின்றிச் சிற்றூழியர் வேலைகூடக் கிடையாது என்பது நீண்ட கால வழமையாக இருந்தது.

மொனராகலையில் சேனைப் பயிர் செய்யும் விவசாயி ஒருவர் ஒருமுறை என்னிடம் கூறியது நினைவிருக்கிறது: "பாதர், நான் இவர்களை விரும்பி வாக்களிப்பதில்லை. மற்றவர்கள் வந்தால் என் பிள்ளைகளுக்கு என்ன நடக்கும் என்று பயந்துதான் வாக்களிக்கிறேன்." மொழி வேறு, மதம் வேறு, ஆனால் தோட்டத்துத் தாயின் பெருமூச்சும் இந்த விவசாயியின் பெருமூச்சும் ஒன்றேதான்.

ஏன் அப்படியும் வாக்களிக்கிறோம்?

கூட்டங்களில் மக்கள் மனந்திறந்து பேசும்போது நான்கு காரணங்கள் திரும்பத் திரும்ப வெளிவருகின்றன.

முதலாவது, பழக்கம். "நாங்கள் எப்போதும் யானைதான்" அல்லது "நாங்கள் எப்போதும் கைதான்" என்பார்கள். சின்னம் பரிச்சயமாயிருக்கிறது, கொள்கை என்னவென்று கேட்டால் தெரியாது.

இரண்டாவது, தலைவரின் சொல். தோட்டங்களில் சந்தா செலுத்தும் தொழிற்சங்கம் எந்தப் பக்கம் சாய்கிறதோ, அந்தப் பக்கம் வாக்கும் சாய்ந்தது. இதனால் பயனே இல்லை என்று கூறமுடியாது. 1994 இல் மலையகத்தின் ஒரேயொரு உறுப்பினரின் ஆதரவு புதிய அரசாங்கத்தின் பெரும்பான்மைக்கு உதவியது. ஆனால் பேரம் பேசுபவர் ஒருவர், பேரம் பேசப்படுபவர்கள் ஆயிரக்கணக்கானோர் என்ற நிலையில், கிடைப்பது யாருக்குப் போய்ச் சேருகிறது என்ற கேள்வி எழாமல் இருக்காது.

மூன்றாவது, சிறு உதவிகள். தேர்தல் வந்தால் தகரம் வரும், பாதைக்குக் கொங்கிறீட் வரும், கோயிலுக்கு ஒலிபெருக்கி வரும். 2019 இல் நாட்சம்பளத்தை 1000 ரூபாவாக்குவோம் என்றது ஒரு தரப்பு, 1500 ரூபா என்றது மறுதரப்பு. ஆயிரம் ரூபா சட்டமாக வந்தது 2021 மார்ச்சில். அடுத்த ஆண்டிலேயே பொருளாதார நெருக்கடி அந்த ஆயிரத்தின் பெறுமதியைத் தின்றுவிட்டது.

நான்காவது, எல்லாவற்றிலும் வலியது: அச்சம். நாம் ஒருவரைத் தெரிவு செய்வதில்லை, மற்றவரைத் தடுக்கிறோம்.

இந்த நான்காவது காரணம் எவ்வளவு கொடுமையானது என்பதை 2010 ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தல் காட்டியது. போர் முடிந்து எட்டு மாதங்கள். போரை நடத்திய ஜனாதிபதி ஒரு பக்கம், அந்தப் போரில் இராணுவத்தை வழிநடத்திய தளபதி மறுபக்கம். முகாம்களில் இருந்தும், முகாமிலிருந்து அப்போதுதான் திரும்பியும் இருந்த மக்களிடம், இவர்களில் ஒருவரைத் தெரிவு செய்யுங்கள் என்று கேட்கப்பட்டது. யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏறத்தாழ நான்கில் ஒருவரே வாக்களித்தார்கள். ஏனையோர் வீட்டில் இருந்தது சோம்பலினாலல்ல என்பதை விளக்க வேண்டியதில்லை.

வாக்களிக்காமல் இருப்பது வழியா?

"அப்படியானால் ஒருவருக்கும் போடாமல் இருந்தால் என்ன?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். 2005 இல் அது நடந்தது. வடக்கில் தேர்தலைப் புறக்கணிக்கும்படி விடுத்த அழைப்பும் அச்சமும் சேர்ந்து, யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவுதான். நாடு முழுவதிலும் வெற்றிக்கும் தோல்விக்கும் இடையிலிருந்த வித்தியாசமோ 180,786 வாக்குகள் மாத்திரமே. வாக்களித்திருந்தால் வரலாறு நன்மையாக மாறியிருக்குமா என்று எவராலும் அறுதியிட்டுக் கூற இயலாது. ஆனால் ஒன்று நிச்சயம்: ஒதுங்கியிருப்பதும் ஒரு தீர்ப்பே. அந்தத் தீர்ப்பின் விளைவு ஒதுங்கியிருந்தவர்களின் தலையிலும் வந்து விழுகிறது.

மறந்துபோன இரண்டு இலக்கங்கள்

இனி, அன்று அந்தத் தாய்க்கு நான் சொல்லாமல் விட்ட விடயத்துக்கு வருகிறேன்.

எமது நாட்டு ஜனாதிபதித் தேர்தலில், மூவருக்கு மேற்பட்ட வேட்பாளர்கள் போட்டியிட்டால், வாக்காளர் மூவரை விருப்பு வரிசையில் குறிப்பிடலாம்: 1, 2, 3. முதல் எண்ணிக்கையில் செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் ஒருவரும் பெறாவிட்டால், முதலிரு இடங்களில் உள்ளவர்களைத் தவிர ஏனையோர் நீக்கப்படுவர். நீக்கப்பட்டவர்களுக்கு வாக்களித்தோரின் சீட்டுகள் மீண்டும் பார்க்கப்படும். அவற்றில் 2 அல்லது 3 என்ற இலக்கம் எஞ்சியிருக்கும் இருவரில் ஒருவருக்கு இடப்பட்டிருந்தால், அந்த வாக்கு அவருக்குச் சேரும்.

எமது கடனுதவிச் சங்கத்தை உதாரணமாக எடுப்போம். நூறு அங்கத்தவர்கள். தலைவர் தெரிவில் ஒருவருக்கு 42 வாக்கு, அடுத்தவருக்கு 33, ஏனைய மூவருக்கும் சேர்த்து 25. அந்த 25 பேரும் தமது இரண்டாவது விருப்பைக் குறித்திருந்தால், தலைவரைத் தீர்மானிப்பவர்கள் அவர்களே. குறிக்காவிட்டால், 42 பெற்றவர் தலைவராகிவிடுவார். அந்த 25 பேரின் மனம் யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

1982 முதல் 2019 வரை நடைபெற்ற எட்டு ஜனாதிபதித் தேர்தல்களிலும் முதல் எண்ணிக்கையிலேயே ஒருவர் பாதிக்கு மேல் பெற்றார். எனவே இந்த ஏற்பாடு ஏட்டுச் சுரைக்காயாகவே இருந்தது. 2024 இல்தான் முதற்தடவையாக இரண்டாம் எண்ணிக்கை நடந்தது. 38 வேட்பாளர்களில் அநுர குமார திசாநாயக்க 5,634,915 வாக்குகளையும் சஜித் பிரேமதாச 4,363,035 வாக்குகளையும் பெற்றனர். ஏனையோருக்குக் கிடைத்த வாக்குகள் 33 இலட்சத்துக்கும் அதிகம். அவற்றில் இரண்டாம் எண்ணிக்கையில் இவ்விருவருக்கும் வந்து சேர்ந்தவை எத்தனை? முன்னவருக்கு 105,264, பின்னவருக்கு 167,867. இரண்டையும் கூட்டினால் 273,131. அதாவது நூற்றுக்கு எட்டுப் பேரளவில்தான்.

மற்றவர்களில் சிலர் தெரிந்தே "இந்த இருவருமே வேண்டாம்" என்று விட்டிருக்கலாம். அதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. சிலர் இரண்டாவது விருப்பை நீக்கப்பட்ட இன்னொருவருக்கு இட்டிருக்கலாம். ஆனால் பெரும்பாலானோருக்கு அப்படியொரு வழி இருப்பதே மனதில் பதிந்திருக்கவில்லை என்பதை எமது கிராமங்களில் விசாரித்தபோது கண்டேன். தமிழ்ப் பொது வேட்பாளருக்கு 2 இலட்சத்து 26 ஆயிரம் பேர் வாக்களித்தார்கள். தமது மனக்குறையை உலகுக்குச் சொல்லவும், அதே சீட்டில் நாட்டின் தலைவர் யார் என்பதில் பங்குகொள்ளவும் அவர்களுக்கு இடமிருந்தது. அதனைப் பயன்படுத்துவதா இல்லையா என்று தெரிந்து தீர்மானித்தவர்கள் எத்தனை பேர்?

இதில் என் தவறும் உண்டு. வாக்குகள் நிராகரிக்கப்பட்டுவிடக்கூடாதே என்ற பயத்தினால், எமது வகுப்புகளில் "ஒரேயொரு புள்ளடி போடுங்கள், வேறொன்றும் எழுதாதீர்கள்" என்றே கற்பித்தோம். மக்கள் குழம்பிவிடுவார்கள் என்று நினைத்தோம். சங்கத்தின் வரவு செலவுக் கணக்கை எழுதி, வட்டி கணித்து, கடன் மீளச் செலுத்துதலைப் பதியும் பெண்களுக்கு, 1, 2, 3 என்று எழுதத் தெரியாது என்று எப்படி எண்ணினேன்? மக்களின் அறிவில் நம்பிக்கை வையுங்கள் என்று மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் எனக்கே அந்த நம்பிக்கை குறைவாயிருந்தது. கொள்ளிகள் இரண்டு மட்டும்தான் என்று அந்தத் தாய்க்கு உறுதிப்படுத்தியவர்களில் நானும் ஒருவன்.

பழைய இருவர் போனார்கள், பழைய பழக்கம்?

இன்று பச்சையும் நீலமும் பழைய பலத்துடன் இல்லை. 2020 பொதுத்தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு ஒரேயொரு தேசியப்பட்டியல் ஆசனம் மட்டுமே கிடைத்தது. 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி 225 ஆசனங்களில் 159 ஐப் பெற்றது. நுவரெலியா மாவட்டத்திலும் யாழ்ப்பாண மாவட்டத்திலும்கூட முதலிடம் பெற்றது. பரம்பரைக் கட்சிப் பற்று மாறவே மாறாது என்று கூறியவர்கள் வாயடைத்துப் போனார்கள். இரண்டுக்குள் ஒன்று என்பது விதியல்ல, பழக்கம்தான் என்று மக்கள் காட்டினார்கள்.

எனினும் எச்சரிக்கை தேவை. 1977 இலும் ஒரு கட்சிக்கு 168 இல் 140 ஆசனங்களை அள்ளிக் கொடுத்தோம். ஐந்து ஆண்டுகளின் பின் அதே பாராளுமன்றம் பொதுத்தேர்தலை நடத்தாமல், சர்வசன வாக்கெடுப்பின் மூலம் தன் ஆயுளை நீடித்துக்கொண்டது. யாரை அனுப்பினாலும், அனுப்பிய பின் நாம் உறங்கிவிட்டால் கதை ஒன்றுதான்.

ஆகவே அந்தத் தாய்க்கு இன்று நான் சொல்லக்கூடிய பதில் இதுதான்: "அம்மா, எந்தக் கொள்ளி நல்லது என்று நான் சொல்லமாட்டேன். அது உங்கள் தீர்ப்பு. ஆனால் சீட்டில் இருவர் மட்டும் இல்லை. உங்கள் கையில் ஓர் இலக்கம் மட்டும் இல்லை. வாக்குப் போடுவது ஒரு நாள் வேலை. கேள்வி கேட்பது ஐந்து வருட வேலை. நாற்று நட்டவர் களை பிடுங்காமல் அறுவடைக்குப் போவதில்லையே."

கடந்த மாதம் அதே பிள்ளைக் காம்பராவில் மாதிரி வாக்கெடுப்பொன்றை நடத்தினோம். வேட்பாளர்களுக்குப் பதிலாக, தோட்டத்துக்கு முதலில் தேவையானவை எவை என்று ஐந்து பெயர்கள்: தண்ணீர், பாதை, காணி உறுதி, மருந்தகம், மாலை வகுப்பு. 1, 2, 3 என்று இலக்கமிடச் சொன்னோம். முப்பத்தொரு சீட்டுகள். ஒன்றுகூட நிராகரிக்கப்படவில்லை. முதல் எண்ணிக்கையில் எதற்கும் பாதி கிடைக்கவில்லை. இரண்டாம் எண்ணிக்கையில் காணி உறுதி வென்றது. சீட்டுகளை எண்ணியவர் அந்தத் தாய்தான்.

குழுக் கலந்துரையாடலுக்கு

1. கடந்த தேர்தலில் நாம் ஒருவரைத் தெரிவு செய்தோமா, மற்றவரைத் தடுத்தோமா?
2. எமது கிராமத்தில் வாக்குக்குப் பின்னால் நிற்கும் காரணம் எது: பழக்கமா, தலைவரின் சொல்லா, உதவியா, அச்சமா?
3. எமது பெயர்கள் வாக்காளர் இடாப்பில் உள்ளனவா என்று இவ்வருடம் கிராம சேவகரிடம் பார்த்தோமா?
4. தெரிவு செய்யப்பட்டவரை அடுத்த மூன்று மாதங்களுக்குள் சந்தித்துக் கேட்கவேண்டிய ஒரு கேள்வி என்ன? யார் கேட்பது?