பாய்ந்து தப்பலாம், உயரம் இருந்தால்!

கணினியில் போர் விமானம் ஓட்டும் இளைஞர்களுக்கு ஒரு பாலபாடம் உண்டு. எதிரி பின்னால் வந்துவிட்டால், விமானத்தின் மூக்கைத் தரை நோக்கிச் சாய்த்துப் பாய வேண்டும். வேகம் கூடும், தப்பிவிடலாம். இது எந்த அளவுக்கு உண்மை?

கெலாங் பாத்தாவில் நின்று நீரிணைக்கு அப்பால் பார்த்தால் சிங்கப்பூர். அங்குள்ள தெங்கா விமானத் தளத்தை 1942 ஜனவரியில் ஜப்பானிய விமானங்கள் மீண்டும் மீண்டும் தாக்கின. பிரிட்டிஷ் தரப்பின் பஃபலோ விமானங்களும், பின்னர் வந்த ஹரிக்கேன்களும் அவற்றை எதிர்த்தன. ஜப்பானின் ஹயபூசா, ஜீரோ விமானங்கள் எடை குறைந்தவை. வளைந்து திரும்புவதில் அவற்றை வெல்வது கடினம். ஆனால், வேகமாகப் பாயும்போது ஜீரோவின் கட்டுப்பாடுகள் இறுகிவிடும். எடை கூடிய விமானங்கள் பாய்ந்து விலகலாம் என்பதை நேச நாட்டு விமானிகள் போரில் கற்றுக்கொண்டனர். ஆக, பாலபாடம் பொய்யல்ல.

பாய்ச்சலுக்கும் எல்லை உண்டு. வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஒலியின் வேகத்தை நெருங்கும்போது அதிர்வலைகள் உருவாகி, சில விமானங்களின் மூக்கு மேலும் கீழே இழுக்கப்படும். இறக்கையில் நடுக்கம் பிறந்தால் அது முறியவும் கூடும். 1941 ஏப்ரலில் ஜீரோவின் பாய்ச்சலைச் சோதித்த ஷிமோகாவா என்ற விமானி அப்படித்தான் உயிரிழந்தார். அதன் பின்னரே விமானம் வலுப்படுத்தப்பட்டது.

2001-இல் வெளிவந்த 'ஐ.எல்-2 ஸ்டர்மோவிக்', பின்னர் வந்த 'வார் தண்டர்' போன்ற விளையாட்டுகள் வரம்பை மீறினால் இறக்கை முறிவதைக் காட்டுகின்றன. பாராட்டத்தக்கதே. ஆனால் அங்கே வரம்பு பெரும்பாலும் ஒரே எண். நிஜத்தில் பறக்கும் உயரம், விமானத்தின் தேய்மானம், விமானி எவ்வளவு வேகமாக மேலே இழுக்கிறார் என்பதெல்லாம் சேர்ந்தே அதை முடிவு செய்யும். மேலும், வீட்டு ஜாய்ஸ்டிக் எந்த வேகத்திலும் ஒரே இலகுவில் அசையும். நிஜ விமானியோ இரு கைகளாலும் இழுக்க வேண்டியிருக்கும். பாய்ச்சலிலிருந்து ஆறு மடங்கு விசையில் மீண்டால், 60 கிலோ மனிதர் 360 கிலோவாகக் கனப்பார், கண் இருளும். திரை இருள்வதைக் காட்டலாம், கனத்தைக் காட்ட இயலாது.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய வேறுபாடு வேறு. விளையாட்டு பல வேளைகளில் ஆகாயத்திலேயே தொடங்குகிறது. சிங்கப்பூர் விமானிகள் தரையிலிருந்து எழும்ப வேண்டியிருந்தது. எச்சரிக்கை தாமதமாக வந்தது. பஃபலோ மெதுவாகவே ஏறியது. ஏறும்போதே பலர் தாக்கப்பட்டனர். பாய்ந்து தப்ப அவர்களுக்கு உயரமே இல்லை. கல்லறை இல்லாமல் போன விமானிகளின் பெயர்கள் கிராஞ்சி நினைவகத்தில் பொறிக்கப்பட்டுள்ளன.

பெற்றோர்கள் விளையாட்டைத் தடுக்க வேண்டியதில்லை. "எந்த உயரத்தில் தொடங்கினாய்?" என்று பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு கேள்வியிலிருந்து நம் வட்டாரத்தின் வரலாற்றையே பேசத் தொடங்கலாம்.