கோமரத்தாடியும் உளவியல் பள்ளிகளும்

உளவியல் பள்ளிகளை அறிமுகப்படுத்தும் பாடநூல்கள் பெரும்பாலும் 1879இல் வுண்ட் லைப்சிக்கில் நிறுவிய ஆய்வகத்திலிருந்து ஆரம்பிக்கும். நான் சுடலைமாடன் கொடையிலிருந்து ஆரம்பிக்கிறேன். மகுடம் உச்சத்துக்குப் போகும்போது கோமரத்தாடியின் உடல் நடுங்குகிறது. 'சாமி வந்துட்டு' என்கிறார்கள். வந்தது எது?

1849இல் திருநெல்வேலி பற்றி எழுதிய கால்டுவெல்லுக்கு அது பிசாசு வழிபாடு, விஷயம் முடிந்தது.

நடத்தைவாதத்திற்கு (வாட்சன், 1913) மனம் என்ற கருதுகோளே அநாவசியம். தாளம் தூண்டல், நடுக்கம் துலங்கல், ஊர் தரும் மரியாதை வலுவூட்டல். சரிதான். ஆனால் அதே மகுடத்தைக் கேட்டு நிற்கிற அடுத்தவனுக்குக் கால்கூட அசையவில்லையே, ஏன்?

ஃப்ராய்ட் 1923இல் பதினேழாம் நூற்றாண்டு ஓவியன் ஒருவனின் பேய்க் கதையை எடுத்துக்கொண்டு, பேயைத் தந்தையின் பதிலியாக, ஒடுக்கப்பட்ட ஆசைகளின் உருவமாக வாசித்தார். 1922இல் கல்கத்தாவில் உளப்பகுப்பாய்வுச் சங்கம் கண்ட கிரீந்திரசேகர் போஸ் அவரோடு கடிதத்திலேயே முரண்பட்டவர்: இந்திய ஆண்களிடம் காயடிப்பு அச்சத்தைவிடப் பெண்ணாகும் விழைவே எளிதில் மேலெழுகிறது என்பது அவர் கட்சி. மீசைவைத்த ஆள்மேல் இசக்கி இறங்கி ஆடுவதைப் பார்த்த நமக்கு இது விளங்காமல் போகாது.

யுங்கின் தொல்படிமம் எனக்கு ஒத்துவரவில்லை. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கும் முத்துப்பட்டன், சாதியை உதறிப் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்த பிராமணன். மாடு திருட வந்தவர்களோடு மோதிச் செத்தவன். கூட்டு நனவிலி இந்த வரலாற்றைக் கழுவித் துடைத்துவிட்டு வெறும் படிமத்தைக் கையில் கொடுக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு (பதினொன்றாம் பதிப்பு, 2022 முதல் நடைமுறையில்) சமூகம் ஏற்றுக்கொண்ட சாமியாட்டத்தை நோய் என்பதில்லை. பெருந்தன்மைதான். ஏற்றுக்கொள்வது யார்? கொடையில் ஆடுபவரிடம் திருநீறு வாங்க ஊரே நிற்கும். புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்தவள் நடுச்சாமத்தில் தலைவிரித்து மாமியாரை 'ஏட்டி' என்று அதட்டினால் அது பேய். வேப்பங்குழை அடி, இல்லையென்றால் சங்கிலி. 2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடித் தீயில் (நம்ம நாங்குநேரிப் பக்கத்து ஏர்வாடி இல்லை, இராமநாதபுரத்தது) 28 மனநோயாளிகள் செத்தார்கள். சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை.

வந்தது யார் என்று பூசாரி கேட்கிறார். எத்தனை நாளாக என்று மருத்துவர் கேட்கிறார். அவள் மாமியாரிடம் என்னதான் சொன்னாள் என்று கேட்பது அபூர்வம். இதனால்தான் ஃப்ராய்டை, அத்தனை குறைகளோடும், நான் விடவில்லை. 'பேச்சுச் சிகிச்சை' என்ற பெயரை வைத்ததே மருத்துவரில்லை, புரூயரிடம் சிகிச்சைக்கு வந்த ஒரு பெண்.